புதுச் செங்கல் இடித்த முத்திருளாயி

முன்னொரு காலத்தில், மணலூர் நாட்டைக் குமாரசிங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. அந்த மாதம் அவனுக்குப் பிடித்தது, நூறு கடைகள் கொண்ட புது அங்காடி.

பழைய அங்காடியை இடித்த அன்று, சுண்ணாம்புக் காரை கலக்கும் முத்திருளாயியின் கைப்பக்குவத்தை ராஜா நின்று பாராட்டிவிட்டான். கட்டட அதிகாரி கடம்பநாதனுக்கு வயிறு எரிந்தது. "காரைக்கு இடிக்கப் பழைய செங்கல்லே போதுமே" என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "ராஜா கட்டும் அங்காடியில் குப்பையைச் சேர்க்கச் சொல்கிறாள்" என்று மூட்டிவிட்டான்.

"பழைய செங்கல் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது" என்று ஆணை பிறந்தது. சூளை விறகுக்காகச் சாலையோரப் புளியமரங்கள் சாயத் தொடங்கின. குப்பையைத் தடுத்ததற்காகக் கடம்பநாதனுக்குச் சபையில் பட்டுச் சால்வை போர்த்த நாளும் குறித்தார்கள்.

அந்த நாளில் முத்திருளாயி கூடை நிறையப் புதுச் செங்கல்லோடு சபைக்கு வந்தாள். நடுவில் உட்கார்ந்து, உலக்கையால் இடிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது?" என்றான் ராஜா.

"வேலைதான் மகாராஜா. காரை இறுகணும்னா சுண்ணாம்போட செங்கல் தூள் சேர்க்கணும்."

"அதற்குப் புதுச் செங்கல்லையா உடைப்பார்கள்?"

"பழசைத் தொடக்கூடாதுன்னு உத்தரவாச்சே. அதனால மரத்தை வெட்டி, சூளை வச்சு, பதமா வேகவச்சு, ஆறவச்சு, உடைக்கிறோம். இன்னும் எழுபது மரம் நிக்குது. நாளைக்கு வெட்டிருவாங்க, கவலைப்படாதீங்க."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"கடம்பநாதா, பழைய செங்கல் தூளுக்கு ஆகாதோ?"

ஆகாது என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்துவிடலாம். கடம்பநாதனின் கண்முன் அம்மா வந்தாள். தீபாவளியன்றுகூட அவள் தலைமுடியில் செங்கல் தூசி சிவந்திருக்கும். அவளைப் பற்றி இந்தச் சபையில் அவன் வாய் திறந்ததே இல்லை.

"அதுதான் நல்லது, மகாராஜா. எனக்குத் தெரியும். என் அம்மா பழைய செங்கல் இடித்துத்தான் என்னை வளர்த்தாள்."

ராஜா தரையைப் பார்த்தான். "யாரையும் கேட்காமல் ஆணையிட்டது நான்" என்று மெல்லச் சொன்னான். பிறகு எழுந்து, பட்டுச் சால்வையை முத்திருளாயிக்குப் போர்த்தினான். "அங்காடி இனி உன் பொறுப்பு. மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. இவனை என்ன செய்யலாம்?"

"இடிக்க ஆள் குறையுது, மகாராஜா."

மறுநாள் பழைய செங்கல் குவியலருகே கடம்பநாதன் போய் நின்றான். கேலி வரும் என்று காத்திருந்தான். இடிக்கும் பெண்கள் நகர்ந்து, நிழலில் அவனுக்கு இடம் விட்டார்கள். முத்திருளாயி சல்லடையை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க, ஐயா."

அந்த 'ஐயா'வுக்குத்தான் அவனால் தலை நிமிர முடியவில்லை.