ரசத்தில் இறங்கிய இரண்டு ஊசிகள்

நெடுந்துறை மன்னர் மகுடதரருக்கு ஒருநாள் நாக்கு வெந்துபோனது. எதிரிப்படை வாசலுக்கு வந்தபோதுகூட அவர் அப்படி அலறியதில்லை. முதல்நாள் ரசம் பச்சைத் தண்ணீராய் ஆறிக் கிடந்தது. அன்றைக்கோ வாயில் வைத்ததும் நெருப்பு!

"மருதப்பனுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது, மன்னா" என்றார் அமைச்சர் தாண்டவராயர். மருதப்பன் அரண்மனைச் சமையல்காரர். "கப்பல் வியாபாரி ஒருவன் சூடு பார்க்கும் ஊசி கொண்டுவந்திருக்கிறான். அதை வாங்குவோம். மருதப்பனை உப்பளத்துக்கு அனுப்புவோம். மடைப்பள்ளியை என் மைத்துனர் பார்த்துக்கொள்வார்."

மைத்துனருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அது ஊருக்கே தெரியும், மன்னரைத் தவிர.

எட்டாம் நாள் சபைக்கு இரண்டு ஊசிகள் வந்தன. ஒன்று தங்கம்; கட்டைவிரல் தடிமன், தலையில் மாணிக்கக்கல். இன்னொன்று இரும்பு, சாக்கு தைக்கும் கோணி ஊசி மாதிரி மெலிசு. இரண்டின் தலையிலும் ஒரு வட்டம், அதில் நூறு கோடு, நடுவே ஒரு முள். அமைச்சர் ஏழு நாள் ஆலோசித்துத் தங்க ஊசியைத் தேர்ந்தெடுத்திருந்தார். மன்னரின் கிரீடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதாம்!

"இருபது வருஷமா இந்தக் கையாலதான் சமைக்கிறேன், மகாராஜா" என்று மருதப்பன் அழுதார்.

அரசவை விகடர் சாத்தப்பன் எழுந்தார். "வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டாமா, மன்னா? சூடாக ரசம் வரட்டும். தாங்கள் தினமும் உண்ணும் முறை எதுவோ, அதில் ஒரு குறையும் வைக்காமல் நடக்கட்டும்."

ரசம் வந்தது. இரண்டு ஊசியும் இறங்கின. கண் இமைப்பதற்குள் இரும்பு ஊசியின் முள் எண்பதில் போய் நின்றது. தங்க ஊசி அசையவே இல்லை.

"பெரிய இடத்துப் பொருள். நிதானமாகத்தான் வேலை செய்யும்" என்றார் அமைச்சர்.

"அமைச்சர் பதவிக்கே ஏற்ற ஊசி" என்றார் சாத்தப்பன்.

உடனே கட்டியக்காரர் முன்னால் வந்தார். மன்னர் சாப்பாட்டில் கை வைக்கும் முன் அவருடைய பட்டங்கள் அத்தனையும் சொல்லியாக வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம்.

"எட்டுத் திக்கும் வென்றவர்! மதயானையை ஒரே அறையில் வீழ்த்தியவர்!"

மன்னர் கொசுவை அடித்தே யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் சபை தலையாட்டியது.

பத்தாவது பட்டத்தில், "எழுபது" என்று இரும்பு ஊசியைப் பார்த்துச் சொன்னார் சாத்தப்பன். இருபதாவதில் அறுபது. முப்பதாவதில் ஐம்பது. மன்னரின் வயிறு உறுமியது. நாற்பதாவது பட்டம் முடிந்தபோது நாற்பது. அப்போதுதான் தங்க ஊசியின் முள்ளும் ஆடி அசைந்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தது.

"பார்த்தீர்களா! ரசம் ஆறித்தான் இருக்கிறது. மருதப்பன் குற்றவாளி!" என்று துள்ளினார் அமைச்சர்.

"வரும்போது எண்பது இருந்தது, அமைச்சரே. அதன்பிறகு மருதப்பன் கிட்டேயே வரவில்லை. ரசத்தை ஆற வைத்தது உங்கள் கட்டியம்" என்றார் சாத்தப்பன்.

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மருதப்பா, என்னதான் நடந்தது?"

"முன்னெல்லாம் முப்பது பட்டம்தான், மகாராஜா. அதுக்கு ஏத்த சூட்டுல அனுப்புவேன். போன வாரம் அமைச்சர் ஐயா புதுசா பத்து சேர்த்துட்டாங்க. ரசம் ஆறிப்போச்சு. மறுநாள் கொதிக்கக் கொதிக்க அனுப்பினேன். அன்னைக்குன்னு பார்த்துக் கட்டியக்காரருக்குத் தொண்டை கட்டி, ரெண்டு பட்டத்தோட நிறுத்திட்டாரு."

"தங்க ஊசியை மட்டும் நம்பியிருந்தால் இந்த உண்மை கடைசிவரை தெரிந்திருக்காது" என்றார் சாத்தப்பன்.

மன்னர் அமைச்சரை முறைத்தார். "இரும்பு ஊசியை வாங்குங்கள். அது மருதப்பன் கையில் இருக்கட்டும். இனிமேல் பட்டங்களை நான் சாப்பிட்ட பிறகு சொன்னால் போதும்."

தாண்டவராயர் பதறினார். "மன்னா! சாப்பிட்டதும் தாங்கள் தூங்கிவிடுவீர்களே!"

"அதனால் என்ன, அமைச்சரே?" என்றார் சாத்தப்பன். "அந்தப் பட்டங்களை நம்ப வேண்டுமானால் மனிதர் தூங்கித்தான் ஆகவேண்டும்!"

மன்னர்தான் முதலில் சிரித்தார். அடுத்து வந்த சூடான ரசத்தில் முதல் கிண்ணத்தைத் தன் கையாலேயே சாத்தப்பனுக்கு நீட்டினார்.