முதலாளியைக் கண்டால் எரியும் விளக்கு

முதலாளி வெங்கிடுபதி கையை நீட்டினால் போதும், அவர் டிசைன் செய்த சர்க்யூட் போர்டில் விளக்கு எரியும். "என்னை மதிக்குது பாருங்க," என்பார். கூடவே சுற்றும் மேனேஜர்கள் ஆமாம் போடுவார்கள்.

போர்டை வாங்க வந்தவர்கள் முன்னால் அந்த விளக்கு கண்டபடி எரிந்து எரிந்து அணைந்தது. "என் டிசைன்ல தப்பே இல்ல. ஒரு சிப்பையும் மாத்தாம சரிபண்ணு, இல்லன்னா வேலை போச்சு," என்று சால்டரிங் செய்யும் பரிமளத்தின் மேல் பாய்ந்தார்.

சிப்பின் கால்களில் அவர் எதனோடும் சேர்க்காமல் விட்டிருந்த ஒன்றை, பரிமளம் சின்ன ஒயரால் போர்டின் கிரவுண்டு, அதாவது எர்த் கம்பியோடு சேர்த்தாள். கண்டபடி எரிவது நின்றது. முதலாளி கையை நீட்டினார். விளக்கு எரியவில்லை.

"இப்ப ஏன் மதிக்கல?"

"இந்தக் கால் வேலையில்லாம தொங்கிட்டிருந்துச்சு சார். அதான் நீங்க பக்கத்துல வந்தாலே, உங்க கையில இருக்குற துளி மின்சாரத்துக்கு ஆமாம் போட்டுச்சு. இப்ப வேலை குடுத்தாச்சு."

மேனேஜர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்கு நகர்ந்தார்கள்.