பூவாயி முனகிய மெட்டு

பூவாயியின் விரல்கள் வாழைநாரில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தன. கால் பெருவிரல் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. திறந்தால் அந்த மெட்டு வந்துவிடும். அந்த மெட்டு வந்தால் நாடு கடத்தல்.

இது ஆம்பலூர்ச் சீமையைக் குமுதசேகர ராஜா ஆண்ட காலத்துச் சங்கதி. ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவார். பிடித்தால் தலையில் தூக்கி வைப்பார், பிடிக்காவிட்டால் தொப்பென்று போடுவார். அப்படி அவர் தலையில் தூக்கி வைத்திருந்தவர் கோயில் நாயனக்காரர் அம்பலவாணர். சாமியைப் பள்ளியறையில் படுக்க வைக்கும்போது நாயனத்தில் ஒரு தாலாட்டு வாசிப்பார் பாருங்கள், அழுகிற பிள்ளையும் வாயை மூடும். பூவாயிக்கு அந்த வாசிப்பு என்றால் உயிர். அவள் பிள்ளை அந்த மெட்டு இல்லாமல் கண் மூடாது.

அப்பேர்ப்பட்டவர் தேரோட்டத்தன்று ஊர் பார்க்க அசிங்கம் பண்ணிவிட்டார். நாயனத்துக்குப் பின்னால் ஒத்து என்று ஒரு குழல் ஊதுவார்கள். மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. ஒத்து ஊதும் மாசிலாமணிக்கு அன்றைக்கு இருமல் வந்து சுரம் அறுந்தது. அம்பலவாணர் திரும்பினார். பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டார். தன் கழுத்து மாலையைப் பிய்த்து அவர் மூஞ்சியில் எறிந்தார். பூவாயி ஆசை ஆசையாகக் கட்டிக் கொடுத்த மாலை அது.

"என்னடி பூவாயி, உன் நாயனக்காரரு கையாலயும் நல்லாத்தான் வாசிக்கறாரு!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். பூவாயிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தளவாய் விருத்தகிரிக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சபையில் தனக்கு முன்னால் நாயனக்காரருக்கு ஆசனம் போட்டதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். ராஜா காதில் ஓதினார். ராஜா குதித்தார். "அந்த ஆள் இனி நாயனத்தைத் தொடக்கூடாது! அவன் மெட்டை எவர் வாயில் எடுத்தாலும் பிள்ளைகுட்டியோடு எல்லை தாண்ட வேண்டும்!"

அதனால்தான் பூவாயி வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். வீல் வீலென்று கத்தியது. எவ்வளவு நேரம்தான் பெற்ற மனசு தாங்கும்? மெல்ல முனகினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தளவாயின் குதிரை நின்றது.

சபையில் பூவாயி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் காய்ச்சல் பிள்ளையோடு எந்த நாட்டுக்குப் போவது?

"என் ஆணை உன் காதில் விழவில்லையா?" என்றார் ராஜா.

"விழுந்துது மகாராசா. நான் ஏதோ ஒரு ஆராரோ பாடினேன். அது அவர் மெட்டுன்னு யார் சொன்னாங்க?"

"நான் சொல்கிறேன்!" என்றார் தளவாய்.

"தளவாய் ஐயாவுக்குச் சங்கீதம் தெரியுங்களா?"

சபை களுக்கென்று சிரித்தது. தளவாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கா தெரியாது?"

"தாலாட்டு எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும் சாமி. எதை வச்சு அதுதான்னு சொல்றீங்க?"

"எதை வைத்தா? இதோ, இப்படித்தானே ஏறினாய்? இப்படித்தானே குழைந்து இறங்கினாய்?" என்று தளவாய் மீசையைத் தள்ளிவிட்டுக்கொண்டு முனகினார் ஐயா முனகினார்! ஓர் அசைவு விடவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளை அப்படியே கண் செருகித் தூங்கிப்போனது.

"பிள்ளையே தூங்கிட்டுது மகாராசா, அப்ப அதே மெட்டுதான். ஒத்துக்கறேன். நானும் தளவாய் ஐயாவும் ஒண்ணாவே எல்லைக்குக் கிளம்பறோம். தொடையில தாளம் போட்டவங்களுக்கு என்ன தண்டனைன்னுதான் ஆணையில இல்லை."

ராஜா குனிந்து பார்த்தார். அவர் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விழுந்து விழுந்து சிரித்தார். "ஆணை ரத்து! அம்பலவாணரையும் மன்னித்தேன்!"

ஓரமாக நின்ற அம்பலவாணர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "தெரியும் மகாராஜா, என் வித்தை என்னைக் காப்பாற்றும் என்று. தாயே, நீயல்லவோ ரசிகை!"

அவர் வாயால் அப்படிக் கேட்கப் பூவாயி எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! ஒரு கணம் உருகித்தான் போனாள். பிறகு தூணோரம் கன்னம் வீங்கி நின்ற மாசிலாமணியைப் பார்த்தாள்.

"மகாராசா, நான் மெட்டுக்குத்தான் வாதாடினேன். அடிச்ச கைக்கு இல்லை. நீங்க பாட்டைக் கட்டிப்போட்டுட்டு, கையைச் சும்மா விட்டுட்டீங்க."

"என்ன செய்யலாம் என்கிறாய்?"

"வர்ற உற்சவத்துக்கு மாசிலாமணி ஐயா முன்னால நாயனம் பிடிக்கட்டும். இவரு பின்னால ஒத்து ஊதட்டும். ஒத்து ஊதுற வாய்க்கு அடுத்தவரைத் திட்ட மூச்சு மிஞ்சாது."

"நானா? ஒத்தா?" என்று அலறினார் அம்பலவாணர். ராஜாவுக்கோ அந்த யோசனை வெல்லக்கட்டி. "அப்படியே ஆகட்டும்! தளவாயே, உமக்கும் வேலை உண்டு. அருமையாகத் தாலாட்டுகிறீர். இவள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குகிற வரை தொட்டில் ஆட்டும்."

உற்சவத்தில் மாசிலாமணி வாசித்தது சுமார்தான். ஆனால் மேலவீதி திரும்பும்போது பின்னால் அம்பலவாணருக்கு மூச்சு முட்டி ஒத்து அறுந்தது. ஊரே மாசிலாமணியின் கையைப் பார்த்தது. அவர் திரும்பினார். "மெதுவா அண்ணே. மூச்சு வாங்கிக்குங்க, நான் நிக்கறேன்" என்றார்.

அம்பலவாணர் ஒத்தைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டினார். "அடிச்சுட்டேன் தம்பி, பொறுத்துக்க" என்று அத்தனை சனத்துக்கு நடுவே கை கூப்பினார்.

ராஜா பல்லக்கில் இருந்து பூவாயியைக் கூப்பிட்டார். "இனி கோயில் மாலை, அரண்மனை மாலை எல்லாம் உன் கைக்கட்டுதான். இப்போது சொல், உன் நாயனக்காரர் மறுபடி பிடித்துப்போனாரா?"

"நாயனம் எப்பவும் பிடிக்கும் மகாராசா. ஆளு இன்னிக்குத்தான் மனுசராத் தெரிஞ்சாரு. அதுக்காக உடனே..."

"பூவாயி! அம்மா தாயே!" என்று அவள் வீட்டுப் பக்கமிருந்து தளவாயின் குரல் அலறியது. "பிள்ளை முழிச்சுக்கிச்சு, எனக்கு மெட்டு மறந்துபோச்சு! ஓடி வா!"

"இந்தா வந்துட்டேன் சாமி!" கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியவள் பாதியில் திரும்பிக் கத்தினாள். "மகாராசா, நான் என்ன சொல்ல வந்தேன்னா, இன்னும் நாலு உற்சவம் போகட்டும், அவரு கை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு அப்புறமாத்தான் நான் அவருக்கு மறுபடி ஆசையா மாலை கட்டுவேன்!"