எட்டாவது இதழ்

துணிக்கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு உலகநாதன் மலையடிவாரத்து மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்தை நடத்தியவர் வடிவம்மை. உலகநாதனைவிட வயதில் மிகவும் இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார். உலகநாதனோ முதல் நாளிலிருந்தே அம்மா என்றுதான் அழைத்தார்.

"நான் என்ன செய்யணும் அம்மா?"

வடிவம்மை ஒரு சாக்கைக் காட்டினார். ஊரிலுள்ள தையற்கடைகள் ஒதுக்கிய வெட்டுத்துணி. பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் இந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். சாரல் காலத்தில் குளிர் தாங்காமல் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கடையில் இதையெல்லாம் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளச் சொன்னவர் அவர்.

ஆனால் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. சாக்குக்குள் கைவிட்டால் எது வரும் என்று தெரியாது. பள்ளிக்கூடச் சீருடையின் நீலம் வரும். பட்டு ரவிக்கையின் ஓரம் வரும். வந்த பிறகுதான் அதற்கு இடம் தேடுவார். கட்டம்போட்ட லுங்கிக்குப் பக்கத்தில் பட்டு போய் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் அழகாகவும் இருந்துவிட்டால், "அடடே!" என்பார். தையல் கோணல்மாணலாக ஓடியது. சாப்பாட்டு மணி அடித்தாலும் அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது போர்வையைப் பார்த்த ஒருவர், "இதில ஒரு டிசைன் மட்டும் இருந்துட்டா கடையில வாங்கினதுன்னே சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே உலகநாதன் ஒரு தாளில் தாமரை வரைந்தார். எட்டு இதழ். எல்லாம் ஒரே ரோஜா நிறம்.

சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். பட்டும் கட்டமும் நீலமும் வேண்டாதவையாக ஒரு பக்கம் குவிந்தன. ஏழு இதழுக்குத்தான் ரோஜா நிறம் தேறியது. அடுத்த சாக்கு வரும்வரை காத்திருந்தார். அதிலும் இல்லை. மற்றவர்கள் தைத்து முடித்து எழுந்து போனார்கள். அவர் விரித்த துணி விரித்தபடியே கிடந்தது.

அந்தப் போர்வை பேச்சியம்மாளின் பேரப்பிள்ளைக்கு என்று பேச்சு. அவள் மடத்தில் சமைப்பவள்.

"பிள்ள பொறந்துட்டு அண்ணாச்சி. காத்து சில்லுனு அடிக்கி. போர்வை ஆச்சா?"

"ஒரே ஒரு இதழ்தான் பாக்கி. நாளைக்குத் தாரேன்."

மறுநாளும் வந்தாள். அதே பதிலைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை. தன் பழைய சேலையை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்தார்.

உடனே பஸ் ஏறி ஊருக்குப் போனார். ரோஜா நிறத்தில் அரை மீட்டர் புதுத்துணி வாங்கி வந்து, கத்தரித்து, எட்டாவது இதழைத் தைத்தார். தாமரை முழுதானது. ஒரு பிசிறு இல்லை.

மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அதைச் சுருட்டிக்கொண்டு வடிவம்மையிடம் போனார்.

"அம்மா, முதல்ல தைச்சதில ஒரு தையல்கூட நேரா இல்ல. ஆனா அத்தனை சந்தோஷமா இருந்தது. இதில ஒரு குறை சொல்ல முடியாது. சந்தோஷத்தைத்தான் காணோம். அது எங்க போச்சு?"

வடிவம்மை போர்வையை விரித்தார். விரலால் தடவி எட்டாவது இதழைக் கண்டுபிடித்தார். ஊசிமுனையால் அதன் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அம்மா! என்ன செய்யுறீங்க?"

வடிவம்மை கடைசி இழையையும் அறுத்தார். இதழ் கையோடு வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, சாக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கையை விடுங்க அண்ணாச்சி."

உலகநாதன் கைவிட்டார். ஒரு காக்கித் துண்டு வந்தது. யாருடைய சட்டையோ, பையோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

"தாமரையில காக்கி இதழா? பாக்குறவங்க சிரிப்பாங்க அம்மா."

"சிரிக்கட்டுமே. போத்திக்கப்போறது பிள்ளைதானே?"

உலகநாதன் காக்கியை இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார். பையின் வாய் மேலே பார்க்கும்படி திருப்பினார். சட்டென்று அதற்குள் ஒரு விரலை விட்டார்.

"பிள்ளை தவழுற வயசுல இதுக்குள்ள என்னத்தையெல்லாம் ஒளிச்சு வைக்குமோ!"

சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து நூல் கோத்தார். தையல் கோணலாகத்தான் ஓடியது. அடுக்களைப் பக்கம் திரும்பி, "பேச்சி, வீட்டுக்குப் போயிராத. இதோ ஆச்சு!" என்று குரல் கொடுத்தார்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

வடிவம்மை கேட்டார்:

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க அண்ணாச்சி?"