அணில் ஏற்றிவிட்ட கோவைக்கொடி

ஒரு தோப்பில் அடர்ந்த செந்தூர மாமரம் ஒன்று இருந்தது. அதன் உச்சியில் மூக்காயி என்ற கிளி குடியிருந்தது. மரத்தின் உள்ளே, கிளைகள் பின்னிக் கிடக்கிற இடத்தில், வாலாயி என்ற அணில் கூடு கட்டி மூன்று குட்டிகளை வளர்த்தது.

உச்சியில் நாளெல்லாம் வெயில். அங்கே இலை சின்னது, ஆனால் தடித்தது. பழமோ கன்னம் சிவந்து தேனாய் இனிக்கும். உள்ளே வெயில் பொட்டுப் பொட்டாய்த்தான் விழும். அங்கே இலை அகலம். பழம் வெளிறிப்போய், ஒரே புளிப்பு.

வாலாயிக்கு வயிறு எரிந்தது.

"என் இலையைப் பாரு, முறம் மாதிரி! அவள் இலை எலிக்காது அளவு! பழம் மட்டும் அவளுக்கு இனிக்குமா?"

மேலேயிருந்து மூக்காயி கூப்பிட்டது. "அக்கா! பிள்ளைகளுக்கு ரெண்டு பழம் கொண்டுபோயேன்!"

"உன் தயவு யாருக்கடி வேணும்? என் பிள்ளைகள் என் வாசல் பழத்தைத்தான் தின்னும்!"

கோடை மழை பெய்தது. வேலியில் கோவைக்கொடி தளிர்த்தது. வாலாயி அதன் நுனியைக் கவ்வி, கிளை கிளையாய் இழுத்துப்போய் உச்சியில் மாட்டிவிட்டது. 'மூடட்டும்! வெயிலும் போகட்டும், அவள் மினுக்கும் போகட்டும்!'

கொடி மளமளவென்று படர்ந்து உச்சியைப் போர்வையாய் மூடியது. அங்கே ஒரு மாங்காயும் சிவக்கவில்லை. வாலாயி வாலைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

மூக்காயி அந்தக் கொடியில் பழுத்த கோவைப்பழத்தைக் கொத்திக்கொண்டே கீச்சென்று சிரித்தது. "மகராசி, நல்லா இருப்பே! கோவைப்பழத்துக்காக மூணு தோப்பு பறப்பேன். வீட்டுக்கே கொண்டுவந்துட்டியே அக்கா!"

வாலாயியின் ஆட்டம் நின்றது. கூட்டுக்குள் போனால், "அம்மா, இது பகலா, ராத்திரியா?" என்றது கடைக்குட்டி.

உச்சி இலைகளின் இடுக்கில் ஒழுகிவந்த மிச்ச வெயில்தான் அதுவரை உள்ளே விழுந்த வெயில். இப்போது அதுவும் இல்லை. முறம் போன்ற இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. காய்கள் பழுக்காமலே பொத்துப் பொத்தென்று விழுந்தன. குட்டிகள் பசியில் கத்தின.

வாலாயி ஓடிப்போய்க் கொடியின் தூரில் பல்லை வைத்தது. ஆனால் கடிக்க முடியவில்லை. அந்த மரத்தில் இனித் தின்பதற்கென்று இருந்தது கோவைப்பழம் மட்டும்தானே!

மெதுவாக உச்சிக்கு ஏறியது. "மூக்காயி... பிள்ளைகளுக்கு ரெண்டு பழம் தர்றியா?"

அடுத்தவர் மேல் விழும் வெளிச்சத்தைப் பொறுக்காமல் மறைக்கப் போகிறவர், முதலில் தன் வீட்டைத்தான் இருட்டாக்குவார்.