சம்பந்திக்கு ஒரு சூடான விஸ்கி

குன்னூரில் சிற்றம்பலம் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு மார்கழி மத்தியானம், மாணவராகப் போய் பிலோமினாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பிலோமினா அங்கே ஒரு கிளப்பில் மது கலந்து கொடுப்பவள். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள்.

"சூடா விஸ்கி கலக்கணும். நீங்கதான் சொல்லித் தரணும், டீச்சர்."

"யாருக்கு சார்?"

"என் சம்பந்திக்கு."

சம்பந்தி நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர். கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பில்லை என்று அவர் சொல்லப்போக, சிற்றம்பலம் முந்நூறு பேர் முன்னால் ரத்தக்கொதிப்பைப் பற்றி அவருக்கு வகுப்பெடுத்துவிட்டார். நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அவர் ஒரு வேலையாகக் குன்னூர் வருகிறார். "ஒரு மணி நேரமாவது சண்டை போடாம இருங்கப்பா" என்று மகள் போனில் அழுதிருந்தாள். மகளுக்கு இது ஏழாம் மாதம். துணைக்கு சிற்றம்பலத்தின் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டில்தான் இருந்தாள். நாச்சிமுத்துவுக்கு விஸ்கி பிடிக்கும் என்பது மட்டும் சிற்றம்பலத்துக்குத் தெரியும்.

சிற்றம்பலம் நோட்டைத் திறந்தார். "எதுக்கு எவ்வளவு?"

பிலோமினா ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "பிடிச்சிருங்க."

பிடித்திருந்தார். டம்ளர் சூடேறியது. அவள் வெந்நீரைத் தொட்டியில் கொட்டினாள்.

"விஸ்கி எப்ப வரும்?"

"நாளைக்கு. குளிர்ந்த டம்ளர்ல ஊத்தினா எல்லாம் வீண். இன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்."

மறுநாள் அவர் ஆய்வகத் தெர்மாமீட்டரோடு வந்தார். கலவைக்குள் அதை விட்டுப் பார்த்தார். "எழுபத்திரண்டு டிகிரி!"

"ஏன் சார், விஸ்கிக்குக் காய்ச்சலா?"

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. வீட்டிலும் தனியாகப் பழகினார். தீக்குச்சி கையைச் சுட்டது. பட்டையும் கிராம்பும் கரியாயின. ஒருநாள் தேனுக்குப் பதில் விளக்கெண்ணெய் விழுந்தது. அன்றைய கலவையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பிலோமினா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாச்சிமுத்து வந்தார். குரங்குக் குல்லாய்க்குள் பல் தந்தியடித்தது. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிற்றம்பலம் கம்பீரமாக விஸ்கிப் பாட்டிலை எடுத்து வந்து வைத்தார்.

நாச்சிமுத்து பதறினார். "ஐயோ, அதை விட்டு மூணு வருசமாச்சுங்க. ஈரல் கெட்டுப்போயிருச்சுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாருங்க."

சிற்றம்பலத்துக்கு உலகமே இருண்டது. பாட்டிலோடு சமையலறைக்கு ஓடினார். என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தன்பாட்டில் அடுப்பைப் பற்றவைத்தது.

நாச்சிமுத்து பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். "நீங்களேங்களா பண்றீங்க?"

"ஆமா. நகர்ந்து நில்லுங்க, ஆவி அடிக்கும்."

வெந்நீர், எலுமிச்சை, தேன், இரண்டு கிராம்பு. நாச்சிமுத்து சூடான டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது டம்ளரையும் குடித்து முடித்தார்.

"அன்னிக்கு ரசத்துல நெசமாவே உப்பில்லீங்க" என்றார் மெதுவாக.

"தெரியும். நானும் சாப்பிட்டேனே."

கோயம்புத்தூருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. நாச்சிமுத்து அங்கேயே தங்கினார்.

மறுநாள் சிற்றம்பலம் கோபமாக பிலோமினாவின் வீட்டுக்குப் போனார்.

"மோசம் போனேன், டீச்சர்! அந்த மனுஷன் விஸ்கியைத் தொடவே இல்லை. வெறும் சுடுதண்ணியைக் குடிச்சிட்டு, 'இனிமே அண்ணான்னு கூப்பிடலாமுங்களா'ன்னு கேட்கிறார்!"

"நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா பன்னிரண்டு நாள் படிச்ச படிப்பு? அத்தனையும் வீண்தானே?"

பிலோமினா டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"உங்க வீட்டுக்கு வந்த ஒருத்தருக்காவது, இதுக்கு முன்னால நீங்க அடுப்புல தண்ணி வெச்சிருக்கீங்களா சார்?"

சிற்றம்பலம் ஒரு துணியை எடுத்து, அடுத்த டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார்.