பித்தளைப் பிறையும் இரண்டு சாட்சியும்

போனும் ரேடியோவும் ஊருக்கு வராத காலம். ரமலான் இருபத்தொன்பதாம் நாள் காலையில் அடித்த காற்றில், பள்ளிவாசல் மினாரா உச்சியில் இருந்த பித்தளைப் பிறை கழன்று மொட்டை மாடியில் விழுந்தது. விழுந்தது பித்தளை, உடைந்தது ஊர். திரும்ப ஏற்றணும் என்றது ஒரு பாதி. அது மார்க்கத்தில் இல்லாதது, கூடவே கூடாது என்றது மறுபாதி. பெருநாள் தொழுகையையே தனித்தனியாகத் தொழப்போவதாகப் பேச்சு.

கூடாது என்றவர்களுக்குத் தலைவர் தோணிக்கார உவைஸ். ஏற்றணும் என்றவர்களுக்கு அவர் கூடப்பிறந்த தம்பி தாவூது. "பித்தளையைக் கும்பிடுறவன் சாட்சி எந்தச் சபையிலயும் செல்லாது" என்று தம்பியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார் உவைஸ். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

சாயங்காலம் அசர் தொழுததும் உவைஸ் தன் உஸ்தாத் ஹபீப் ஆலிமைத் தேடிப் போனார். ஆலிம் அவரைவிடப் பத்து வயது இளையவர்; அண்ணன் என்ற மரியாதையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் உவைஸ் தினமும் அவர்முன் சம்மணமிட்டுப் பாடம் ஓதுகிறவர். பிறை தெரிந்தது, நாளைக்குப் பெருநாள் என்று ஊருக்கு அறிவிப்பதும் ஆலிம்தான்.

"ஹஜ்ரத், இந்தப் பிறை நம்மகிட்ட எங்கேருந்து வந்துச்சு? இன்னைக்கே சொல்லணும்."

"நபிகள் நாயகம் காலத்துக் கொடியில பிறை கிடையாது. அதுக்கு முன்னாடியே பழைய ராஜாக்கள் காசுல இருந்துச்சு. ரொம்பப் பின்னாடி துருக்கி சுல்தான்கள் கொடியில வச்சாங்க. அப்படியே மினாராவுக்கும் ஏறிடுச்சு."

"அப்போ நான் சொன்னதுதான் சரி!"

"சரிதான் காக்கா. நோன்பு திறந்துட்டு மாடிக்கு வாங்க, பிறை பார்க்கணும்."

மாடியில் இரண்டு தரப்பும் இரண்டு ஓரமாக நின்றன. மேற்கே மேகம் அப்பிக் கிடந்தது. கண்ணிமைக்கும் நேரம் விலகியது, மூடிக்கொண்டது.

"பார்த்தேன்!" என்றான் தாவூது.

"பெருநாளுக்கு ரெண்டு சாட்சி வேணும்" என்றார் ஆலிம். "வேற யாரு பார்த்தது?"

எல்லாரும் மறுபடி மேகத்தையே துழாவினார்கள்.

உவைஸ் பார்த்திருந்தார். நகக்கீற்று மாதிரி, நன்றாகவே பார்த்திருந்தார். சொன்னால் தம்பியோடு சேர்ந்து சாட்சி நிற்கணும். சொல்லாவிட்டால் பெருநாளன்று ஊரே நோன்பிருக்கும், அது மார்க்கம் தடுத்த ஹராம். பக்கத்தில் நின்ற கூட்டாளி அவர் கையை அழுத்தி, "பேசாம இரு" என்றார்.

"அப்போ நாளைக்கும் நோன்புதான்." ஆலிம் படியிறங்கத் திரும்பினார்.

"நானும் பார்த்தேன்!" என்றார் உவைஸ்.

கூட்டாளி அவர் கையை உதறிவிட்டு விலகினார். ஆலிம் திரும்பி வந்தார்.

"உங்க தம்பி சாட்சி செல்லுமா காக்கா? காலையில வேற மாதிரி சொன்னீங்களாமே."

தாவூது தலை நிமிராமல் நின்றான். உவைஸை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"செல்லும் ஹஜ்ரத். அவன் பொய் சொல்ல மாட்டான். நான் சொன்னதுதான் தப்பு."

ஆலிம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னார். மாடி முழுக்கச் சேர்ந்து சொன்னது. தாவூது வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். இருவரும் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உவைஸ் கேட்டார்: "அப்போ அந்தப் பித்தளையை ஏத்தணுமா, வேணாமா ஹஜ்ரத்?"

"அல்லாஹ் வானத்துல ஏத்தின பிறையே, நீங்க வாய் திறக்கலைன்னா இந்த ஊருக்கு இல்லாமப் போயிருக்கும் காக்கா. பித்தளைக்கு என்ன அவசரம்?"